கிராமத்தில் சட்ட உதவி முகாம்: இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடை போட்டுப் பேசும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தைவிட, மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் முகாம்தான் கிராமத்துக்கு உதவும். பெரிய செலவும் இல்லை. வழக்கறிஞர்கள் 6 பேர், சட்டக் கல்லூரி மாணவர்கள் 4 பேர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் மதியம் 2 வரை நடத்திவிடலாம்.

முதல் வேலையாக, இலவச சட்ட உதவிக்கென வட்ட அளவில் இயங்கும் உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். நீதிமன்றம் வரை போக வேண்டிய விஷயங்களுக்கு இலவச வழக்கறிஞர் அமர்த்துவது அவர்கள் வழியாகத்தான். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி வருமான வரம்பே கிடையாது. இது தெரியாமல் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோயில் மண்டபமோ ஒருவர் வீட்டுத் திண்ணையோ வேண்டாம். ஊரில் ஒரு பாதிப் பேர் வரமாட்டார்கள். பள்ளிக்கூடம் நல்லது. முகூர்த்த நாளைத் தவிருங்கள்.

நோட்டீஸில் "சட்ட விழிப்புணர்வு முகாம்" என்று மட்டும் போட்டால் கூட்டம் சேராது. "இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், ஜீவனாம்சம் – மனு எழுதித் தரப்படும், கட்டணம் இல்லை" என்று எழுதி, ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, கையில் உள்ள பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் பெயரோ செல் நம்பரோ அதில் வரக்கூடாது. வழக்கறிஞர் விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. விசிட்டிங் கார்டு கொடுப்பதும் முகாமிலேயே வக்காலத்தில் (வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து வாங்குவதும் கூடவே கூடாது. இலவசம் என்று கூப்பிட்டு வழக்கு பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், அந்த ஊரில் அடுத்த முகாம் நடக்காது.

மேசைக்கு இரண்டு வழக்கறிஞர் வீதம் மூன்று மேசை. ஒரு மனுவுக்கு 25 நிமிடம் ஆகும். ஆகவே 27 டோக்கனுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாசலில் டோக்கன் எழுதும் மாணவர் எதிர்த்தரப்பின் பெயரையும் கேட்டுக் குறிக்க வேண்டும். அண்ணன் ஒரு மேசையிலும் தம்பி இன்னொரு மேசையிலும் உட்கார்ந்து ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுவது சாதாரணமாக நடக்கும். இரண்டு பக்கத்துக்கும் நீங்களே ஆலோசனை சொல்ல முடியாது. பின்னால் வந்தவரைச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். குடும்ப வன்முறை பற்றிப் பேச வரும் பெண்களுக்குத் தனி அறை, பெண் வழக்கறிஞர். டோக்கன் நோட்டில் காரணத்தை எழுத வேண்டாம்.

ஜெராக்ஸ் எடுக்க வழி, ஸ்டாம்ப் பேடு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், வெள்ளைத்தாள், இரண்டு மூன்று படிக்கும் கண்ணாடிகள் எல்லாம் தயாராக இருக்கட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடும் பெரியவர்களுக்கு அந்தக் கண்ணாடி பெரிய உதவி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழு மனுவையும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. வெற்றுத்தாளில் எதையும் வாங்காதீர்கள். அசல் பத்திரம் எதுவும் உங்கள் பையில் வரக்கூடாது.

இனி மனு. வருபவர் கேட்பது பெரும்பாலும் கடைசிக் காகிதம். விடுபட்டிருப்பது முதல் காகிதம். "அப்பா பேர்ல இருக்குற பட்டாவ எங்க பேருக்கு மாத்தணும்" என்பார். வாரிசுச் சான்று கேட்டால் இருக்காது. இறப்புச் சான்று கேட்டால், வீட்டிலேயே இறந்தார், பதியவே இல்லை என்பார். இறந்து ஓராண்டு தாண்டியிருந்தால், பதிவில் இல்லை என்ற சான்றோடு வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். இறப்புச் சான்று, பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, பிறகு பட்டா என்பதே வரிசை. பட்டா மனுவை முதலில் போட்டால் தள்ளுபடியாகி, மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

வாரிசுப் பட்டியலில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதலில் பங்கு பெறுபவர். தந்தை அந்த வகுப்பில் இல்லை. கட்டிக்கொடுத்த மகளையும் கிழவியான தாயையும் விட்டுவிட்டு விண்ணப்பிப்பது வழக்கமாகிவிட்டது. மகனுக்குப் பிறகு தாய் இறந்திருந்தாலும் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்; ஆகவே அவரையும் காட்டி, அவருடைய இறப்புச் சான்றையும் இணையுங்கள். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பட்டியல் வேறு. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

அடுத்தது பெயர். ரேஷன் கார்டில் கருப்பாயி, ஆதாரில் கருப்பாயம்மாள், பத்திரத்தில் கருப்பாயி அம்மாள் என்றிருந்தால், மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் இணைத்து அனுப்புங்கள். இதைக் கவனிக்காத மனு எங்காவது ஒரு மேசையில் நின்றுபோகும்.

பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அநாதரவாக நிற்கும் முதியவர்கள் வாய் திறந்து கேட்கத் தயங்குவார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்.

முகாம் முடிந்த பிறகுதான் பாதி வேலை. ஒவ்வொரு மனுவுக்கும் நகல் எடுத்து, கொடுத்த தேதி, அலுவலகம், ஒப்புகை எண் மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதி, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 45 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், மனுவின் நிலை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மூன்றாம் மாதம் அதே பள்ளிக்கூடத்தில் மறுபடி உட்காருங்கள். தள்ளுபடியான மனு இருந்தால், உத்தரவில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று மனு கொடுத்தவருக்குப் படித்துக் காட்டி, இலவச உதவிக்கான 15100 என்ற எண்ணையும் அந்தக் காகிதத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.