ரீஃப் டேங்க்குக்கு சீப்பா டிரை ராக் வாங்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளக்குற உப்புத் தண்ணி டேங்க் ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி பேர் லைட்டுக்கும் தண்ணிய குளிர வைக்குற சில்லருக்கும் காச கொட்டிட்டு கடைசியில டிரை ராக்னு சொல்ற, உயிர் எதுவும் இல்லாத காஞ்ச கல்லுல மிச்சம் புடிக்கப் பாக்குறாங்க. மிச்சம் புடிக்கலாம், தப்பே இல்ல. ஆனா எங்க புடிக்கிறோம்னு தெரிஞ்சு புடிக்கணும், ஏன்னா நாளைக்கு லைட்ட மாத்தலாம் பம்ப மாத்தலாம், மேல கோரல் ஒட்டி வளந்ததுக்கு அப்புறம் கல்ல மட்டும் மாத்தவே முடியாது.

முதல்ல ஒண்ணு, இதுல காம்ப்ரமைஸே கிடையாது. "ஒரிஜினல் கடல் கல்லு சார், ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து வருது, பாதி ரேட்டு"ன்னு யாராச்சும் வாட்ஸப்ல போட்டோ அனுப்பினா அதத் தொடவே தொடாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கல் பவளம் எல்லாமே முதல் அட்டவணையில இருக்கு, செத்துப்போன வெள்ளை எலும்புக்கூடா இருந்தாலும் அதே சட்டம்தான், மாட்டினா 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டத்த விடுங்க, மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல 2 தீவு இன்னைக்கு தண்ணிக்கு அடியில இருக்கு, சுண்ணாம்புக்காக பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுதான் அதுக்கு முக்கியக் காரணம். வீட்டுல ஒரு ரீஃப் வளக்கணும்னு ஆசைப்படுறவங்க நம்ம கடல்ல இருக்குற ரீஃப உடைச்சு எடுத்த கல்லுக்கு காசு குடுக்கவே கூடாது. ஃபுளோரிடாவுல நிலத்துலேர்ந்து வெட்டி எடுக்குற மார்க்கோ ராக்ஸ் மாதிரி பழைய ரீஃப் கல்லு, இல்லன்னா ஆளுங்க செஞ்ச செயற்கை கல்லு, இந்த ரெண்டுல ஒண்ண பில்லோட வாங்குங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா கடைக்காரர் மழுப்புறாரா, அந்தக் கல்லு வேணாம்.

அடுத்த தப்பு கிலோ ரேட்ட மட்டும் பாக்குறது. ஒரு கேலனுக்கு ஒரு பவுண்டு கல்லுன்னு பழைய கணக்கு ஒண்ணு இன்னமும் சுத்திட்டிருக்கு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு ஒரு டேங்க் எடுத்தா சுமாரா 190 லிட்டர், அந்தக் கணக்குப்படி 22, 23 கிலோ வரும். கல்லு நல்லா ஓட்டை ஓட்டையா லேசா இருந்தா 12, 13 கிலோவே தாராளம், மீன் நீந்த இடமும் இருக்கும், கல்லுக்குப் பின்னாடி தண்ணி ஓட்டமும் இருக்கும். அதனால ஒரே சைஸ்ல ரெண்டு கல்ல ரெண்டு கையில தூக்கிப் பாருங்க, எது லேசா இருக்கோ அதத்தான் எடுக்கணும். கிலோ ரேட்டு கூட இருந்தாலும் பரவாயில்ல, மொத்த பில்லு குறைவாத்தான் வரும்.

வினிகர் ஊத்தினேன், நுரை வந்துச்சு, அப்போ ரீஃப்புக்கு ஓகேதானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நுரை வந்தா கால்சியம் கார்பனேட் இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். மார்பிள்லயும் நுரை வரும். அரியலூர் பக்கம் கிடைக்குற சுண்ணாம்புக்கல்லுலயும் வரும், அந்த ஊரே ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்ததுதான், ஆனா கல்லு கெட்டியா இறுகிப் போயிருக்கும், தண்ணியில இருக்குற கழிவ சுத்தம் பண்ற பாக்டீரியா உள்ள போய் தங்க இடமே இருக்காது. கடையில நிக்கும்போதே காஞ்ச கல்லு மேல ஒரே ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. நல்ல கல்லா இருந்தா சொட்டு விழுந்த இடம் தெரியாம உள்ள போயிடும், கெட்டிக் கல்லுல சொட்டு அப்படியே மேல நிக்கும், இல்ல வழிஞ்சு ஓடும். அப்படியே துருப்புடிச்ச மாதிரி சிவப்புக் கோடு, பச்சைத் திட்டு ஏதாச்சும் இருக்கான்னும் பாருங்க, உலோகம் கலந்திருக்கலாம்.

சென்னையில மீன் கடைங்க நிறைஞ்ச கொளத்தூர் போனீங்கன்னா பிளான்டட் டேங்க்குக்கு, அதாவது செடி வளக்குற நல்ல தண்ணி டேங்க்குக்கு வெச்சிருக்குற டிராகன் ஸ்டோன், லாவா ராக் எல்லாம் கம்மி விலையில கண்ணுல படும். அழகா இருக்கும்தான், ஆனா கோரல் டேங்க்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

டேங்க்க மூடுறவங்ககிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதுதான் இருக்குறதுலயே சீப், ரிஸ்க்கும் அதுலதான் அதிகம். மீனுக்கு வர்ற ஒயிட் ஸ்பாட் நோய்க்கு அந்த டேங்க்ல காப்பர் மருந்து ஊத்தியிருந்தா கல்லு அத உறிஞ்சி வெச்சுக்கிட்டு அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில விடும், நத்தை இறால் கோரல் எதுவும் தாங்காது. "மருந்து போட்டீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க, அதனால "டேங்க்ல நத்தை, இறால் எவ்ளோ நாளா இருந்துச்சு"ன்னு கேளுங்க. வெறும் மீன் மட்டும் வெச்சிருந்த டேங்க்னா காப்பர் டெஸ்ட் கிட் இல்லாம வாங்காதீங்க.

இப்ப க்யூரிங், அதாவது டேங்க்ல வெக்குறதுக்கு முன்னாடி கல்ல ஊற வெச்சு சுத்தம் பண்றது. வெள்ளையா சுத்தமா இருக்கே, கழுவிட்டு நேரா டேங்க்ல வெச்சிடலாம்னு நினைக்காதீங்க. கல்லுக்குள்ள காஞ்சுபோன பழைய கழிவு இருக்கும், பாசிக்கு தீனியான பாஸ்பேட் ஒட்டியிருக்கும், அதெல்லாம் டேங்க்ல இறங்கினா பாசி மாசக்கணக்கா விடாது. ஒரு பெரிய டிரம்ல ஆர்ஓ தண்ணி ஊத்தி கல்ல முக்கி வெச்சு ஒரு வாரம் கழிச்சு பாஸ்பேட் டெஸ்ட் பண்ணுங்க, அதிகமா இருந்தா தண்ணிய மாத்தி மாத்தி ஊற வைங்க, அப்புறம் உப்புத் தண்ணிக்கு மாத்தி உள்ள ஒரு சின்ன பம்ப ஓட விடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது, ஆனா மொட்டை மாடியில வெயில் படுற மாதிரி வெச்சா தண்ணி ஆவியாகி உப்பு ஏறிடும், பாசியும் புடிக்கும். வெறும் தண்ணியில ஊறுற வாரம் கண்டிப்பா மூடி போட்டு வைங்க, டெங்கு கொசு அந்த மாதிரி தேங்கின நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.

கல்ல சுத்தம் பண்ண ஆசிட்ல முக்கி எடுக்குற ஐடியாவ முதல் கல்லுக்கே ட்ரை பண்ணாதீங்க. செஞ்சே ஆகணும்னா திறந்த வெளியில, கிளவுஸ் கண்ணாடி போட்டு, தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தவே கூடாது. அந்தப் பக்கம் பிளீச்சிங் பவுடர் வாடையே இருக்கக் கூடாது, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

கடைசியா இன்னொண்ணு. எல்லாம் கரெக்டா பண்ணிட்டு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஜீரோ ஆக்கணும்னு துரத்துறவங்க இருக்காங்க. புது டிரை ராக் டேங்க்ல வேற உயிரே இல்லாத நேரத்துல ஜீரோவா இருந்தா டைனோஸ் (டைனோஃபிளாஜெல்லேட்னு ஒரு நுண்ணுயிர்) வந்து உக்காந்துக்கும், பழுப்புக் கலர்ல குமிழியோட கொழகொழன்னு கல்லு மேல படரும், விரட்டுறது பெரும்பாடு. பாஸ்பேட் 0.03லேர்ந்து 0.1 ppmக்குள்ள இருந்தா விட்டுடுங்க. நல்ல பாக்டீரியாவும் மத்த உயிரும் டேங்க்குக்குள்ள வர ஒரு வழி இருக்கு. பழக்கமான ஒருத்தரோட ரெண்டு மூணு வருஷ டேங்க்லேர்ந்து, அதுவும் பில்லோட வாங்கின கல்லா இருந்தா, கையளவு துண்டு கேட்டு வாங்கி, அதுல ஆய்ப்டேசியா (டேங்க் பூரா பரவுற ஒரு சின்ன தொல்லைக் கடல் சாமந்தி) ஒட்டியிருக்கான்னு திருப்பித் திருப்பி பாத்துட்டு சம்ப்ல, அதாவது டேங்க்குக்குக் கீழ இருக்குற ஃபில்டர் தொட்டியில போட்டுடுங்க.