ரேபிட் கிட்டின் துல்லியத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

கொரோனா போன்ற நோயைச் சில நிமிடங்களில் கோடு காட்டிச் சொல்லும் ரேபிட் கிட்டின் பெட்டிமேல் "95% துல்லியம்" என்று அச்சடித்திருப்பார்கள். எத்தனை பேரிடம், காய்ச்சல் வந்து எத்தனையாவது நாளில் சோதித்துப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்காது, எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். 2020 ஜூனில் இந்தியாவில் முதன்முதலாக அனுமதி பெற்ற கொரோனா ஆன்டிஜென் கிட்டை (வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் கிட்) இரண்டு இடங்களில் தனித்தனியாகச் சோதித்தபோது, அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரைக் கிட் பிடிக்கிறது என்பது, 50.6 சதவீதத்திலிருந்து 84 சதவீதம் வரை இருந்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அறிவித்தது. கிட் ஒன்றுதான், சோதித்துக்கொண்டவர்களின் உடலில் இருந்த வைரஸ் அளவுதான் வேறு.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

முதலில் ஆட்கள். கிட்டை ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வகச் சோதனையான ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் என்று தெரிந்த பழைய மாதிரிகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சோதிப்பது சுலபம், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். சிடி மதிப்பு (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண், அது குறைந்தால் வைரஸ் அதிகம்) 18, 20 என்று வைரஸ் நிரம்பிய மாதிரிகளாகப் பொறுக்கினால் எந்தக் கிட்டும் ஜெயித்துவிடும். சிடி 30 உள்ள மாதிரியில் 20 உள்ளதைவிட வைரஸ் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு, கிட் கோட்டை விடுவது அங்கேதான். அதனால் இருமல், காய்ச்சல் என்று வரிசையில் வருகிறவர்களை, ஒருவரையும் விடாமல், வந்த வரிசையிலேயே சேருங்கள். ஒவ்வொருவருக்கும் அறிகுறி தொடங்கி எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வாப் (மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரி) எடுங்கள்: ஒன்று கிட்டுக்கு, ஒன்று பிசிஆருக்கு. கிட்டைப் படிக்கிறவருக்குப் பிசிஆர் முடிவு தெரியவே கூடாது. 15 நிமிடம் கழித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரிகிற அந்த மங்கலான கோடு இருக்கிறதே, "இவர் பாசிட்டிவ்" என்று முன்பே தெரிந்தவர் கண்ணுக்கு அது கோடு, தெரியாதவருக்கு வெறும் நிழல். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எழுதட்டும். டைமர் வையுங்கள், ஏனென்றால் கிட் தாளில் சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டால் இல்லாத கோடும் தோன்றலாம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வரவில்லையா, அந்தக் கிட் செல்லாது. ஆனால் எத்தனை அப்படிப் போனது என்பதையும் எழுதி வையுங்கள்.

இப்போது கணக்கு. 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். பிசிஆரில் பாசிட்டிவ் 100, அதில் கிட் பிடித்தது 80 என்றால் சென்சிட்டிவிட்டி 80%. பிசிஆரில் நெகட்டிவ் 400, அதில் கிட்டும் நெகட்டிவ் என்றது 392 என்றால் ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவர்களைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் அளவு, 98%. கொரோனா ஆன்டிஜென் கிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்ட குறைந்தபட்ச அளவு 80%, 97%. இந்தக் கிட் தேறிவிட்டது.

பாசிட்டிவ் 100 பேருக்குப் பதில் 30 பேர்தான் கிடைத்தார்கள், 27 பேரைக் கிட் பிடித்தது என்றால்? 90% என்று சந்தோஷப்படாதீர்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் உண்மையான அளவு 74 முதல் 97 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அந்த இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம் பலரும் தாண்டிப் போகிற ஒரு கணக்கு. அதே 80, 98 கிட்டை 1000 பேரிடம் பயன்படுத்துகிறோம். 200 பேருக்கு நோய் இருக்கும் அலைக்காலத்தில் 160 உண்மையான பாசிட்டிவ், 16 பொய். கோடு தெரிந்தால் 91% நம்பலாம். அலை ஓய்ந்து 10 பேருக்குத்தான் நோய் என்றால், உண்மை 8, பொய் சுமார் 20. கோடு தெரிந்த 28 பேரில் 20 பேரை வீணாகத் தனிமைப்படுத்துவோம். அதனால் அறிக்கையின் முதல் வரியிலேயே, எந்த மாதத்தில், நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் இருந்தபோது சோதித்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.