மார்கழியில் கிணறு பார்க்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போகிறவர் மார்கழியில் தரகரோடு வளவுக்குப் போகிறார். கிணறு நிறையத் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு "நல்ல தண்ணி" என்று அன்றைக்கே விலை பேசிவிடுகிறார். ஐப்பசி தொடக்கம் பெய்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவரைக் கீழே அமுக்கி வைத்திருக்கும் காலம் அது. ஆவணி, புரட்டாதியில் அதே கிணற்றை இறைக்க இறைக்க உவர் மேலே வரலாம். அவர் குடித்த தண்ணீரில் பொய்யில்லை. தன் ஆசைக்கு ஆமாம் போடுகிற மாதத்தில் மட்டும் பார்த்ததுதான் பிழை.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவை எந்த விதிப்படி வந்தன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொன்னால், அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று சொல்வார். பலர் 8, 10, 12 போன்றவற்றையே சொல்லிச் சொல்லி, "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று முடித்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 9 என்று ஒருதரம் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும்.

ஆகவே காணி பிடித்துப்போனால், அதை வேண்டாம் என்று சொல்ல வைக்கக்கூடிய கேள்வியை முதலில் கேளுங்கள். கோடையில் எங்கே தண்ணீர் அள்ளுகிறீர்கள் என்று பக்கத்து வளவில் விசாரியுங்கள். காணி உறுதியில் பிரிக்காத பங்கு இருக்கிறதா? இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்குகாரருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி நீதிமன்றம் வரை போகலாம்.

வெங்காயத்திலும் இதே கண்மறைப்புத்தான். போன போகத்து விலையைப் பார்த்து நடுகிறவர், அதே விலையைப் பார்த்து ஊரே நடுவதை யோசிப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து எல்லோரும் ஒன்றாகக் கிண்டும்போது விலை விழுகிறது. விதை வெங்காயத்தின் விலை திடீரென ஏறியிருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, போட்ட காசை எண்ணி மேலும் போடுவது. நடுப்போகத்தில் நோய் விழுந்துவிட்டது என்று வையுங்கள். 200,000 ரூபா முடிந்துவிட்டது. மருந்துக்கும் கூலிக்கும் இன்னும் 80,000 வேண்டும், மிஞ்சுவதை விற்றால் 60,000 வரும். "இவ்வளவு போட்டாச்சு, இனி விடேலுமே?" என்று தொடர்ந்தால் நட்டம் 220,000. விட்டால் 200,000. அந்த 200,000 இரண்டு பக்கத்திலும் நிற்கிறது, அதை வெட்டிவிடுங்கள். இன்றிலிருந்து போகும் காசையும் வரும் காசையும் மட்டும் எழுதுங்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு சதமும் போடாத ஒருவரைக் கொண்டு கணக்கைப் பார்ப்பது இன்னும் நல்லது, அவருக்கு மனம் வலிக்காது.

இதற்கெல்லாம் ஒரு கொப்பி போதும். முடிவெடுக்கும் அன்றைக்கே திகதி, முடிவு, காரணம், எத்தனை வீதம் நிச்சயம், எதைக் கண்டால் மாற்றுவேன் என்று எழுதுங்கள். பிறகு எழுதினால் பயனில்லை. முடிவு தெரிந்தபின் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனம் தன்னையே நம்பவைத்துவிடும். 80 வீதம் என்று எழுதியவை பத்துச் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். எட்டுக்குக் கிட்டச் சரிவந்தால் உங்கள் நிதானம் நல்லது. ஐந்துதான் என்றால், அடுத்த முறை 80 என்று எழுதக் கை போகும்போது 50 என்று எழுதி, அந்தக் காசைப் போடுவீர்களா என்று திரும்ப யோசியுங்கள்.