நம்பிக்கை மையத்தின் புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில், தொற்றுடன் வாழ்பவர்களிடம் பேசப் பழகும் புதிய ஆலோசகர்களின் அருகில் அமர்ந்து கேட்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளே திரும்ப நடப்பதைக் காண்கிறேன். இரகசியம் காப்பதும் ஒப்புதல் பெறுவதும் பயிற்சியிலேயே சொல்லித் தரப்படுவதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

சரியான விடையை மனமாற்றம் என்று எண்ணுதல்

"கொசு கடித்தால் பரவுமா? ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா?" என்று கேட்கிறோம், "பரவாது" என்று சொன்னதும் படிவத்தில் குறியிட்டு அடுத்தவரை அழைக்கிறோம். இந்த அவசரம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் அதற்கான விலையை வேறொருவர் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2019-இல் ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மாவிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டேன். ஒன்றுக்குக்கூட அவர் தவறாக விடை சொல்லவில்லை. மாதந்தோறும் தவறாமல் வந்து மாத்திரையும் வாங்கிச் சென்றார். ஆனால் அடுத்த பரிசோதனையில் வைரஸ் அளவு மிகவும் உயர்ந்திருந்தது. நிதானமாகப் பேசியபோதுதான் உண்மை வெளிவந்தது. வீட்டில் எவருக்கும் தெரியாத நிலையிலும், அவர் தமக்கென்று தட்டையும் தம்ளரையும் தாமே ஒதுக்கி வைத்திருந்தார். மருமகள் படித்துவிடுவாளோ என்று அஞ்சி, மாத்திரை டப்பாவின் மேல்தாளைக் கிழித்துவிட்டு, அதை அரிசி டின்னுக்குள் மறைத்திருந்தார். உறவினர் வந்து சமையலறைப் பக்கம் படுத்த இரவுகளில் அதை எடுக்க வழியில்லாமல், மாத்திரை தவறியது. விட்டு விட்டு உட்கொண்டதால் வைரஸ் அம்மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட, அவரை இரண்டாம் நிலை மருந்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

"எல்லாம் தெரியும் மேடம், ஆனா பேத்தியைத் தூக்கப் போனா கை வர மாட்டேங்குது" என்றார்.

தொற்று எவ்வாறு பரவும் என்பது அறிவு; தாம் தண்டிக்கப்பட வேண்டியவர் என்பது அவர் மனத்தில் ஊறிய எண்ணம். முதலாவதைத் திருத்தினால் இரண்டாவது தானாக மாறிவிடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வேலையிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயினும் தமக்கு இது வேண்டியதுதான் என்று நம்புகிறவர் புகார் கொடுக்கவே வருவதில்லை. ஆகவே, மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள், விருந்தாளி வந்தால் எப்போது உட்கொள்கிறீர்கள், யாருடன் அமர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள்; விடை வரும்வரை காத்திருங்கள்.

"எப்படி வந்தது?" என்று தொடங்குதல்

படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தாலும், அதைக் கடைசியில் கேளுங்கள்.

"பாவம், கணவரால் வந்தது" என்று பிரித்துப் பேசுதல்

ஒருபோதும் வேண்டாம். வேறு வழியில் தொற்று வந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்து, அப்படியானால் தாம் குற்றவாளியா என்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நல்ல செய்தியை மறைத்தல்

தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்ஐவி பரவாது. இதைச் சொன்னால் ஆணுறையைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சிப் பல ஆலோசகர்கள் வாய் திறப்பதில்லை. பிற பால்வினை நோய்களுக்கு ஆணுறை ஏன் தேவை என்பதையும் சேர்த்து விளக்கினால் போதும். மனைவிக்குத் தொற்றிவிடும் என்று நான்கு ஆண்டுகளாக வேறு அறையில் படுத்துவந்த ஒருவரிடம் இதை நான் விளக்கியபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதல்லயே ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டார்.