விலைவாசி ஏறும்போது வீட்டில் காசு சேர்ப்பது எப்படி? கடலூர்க் கணக்கு

செய்தியில் சொல்லும் பணவீக்கச் சதவீதத்தை வைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள், அது நாடு முழுக்கச் சேர்த்த சராசரி. போன வருடத்து மளிகைச் சிட்டை ஒன்றை எடுங்கள் (கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்டும் போதும்), துவரம்பருப்பு, கடலை எண்ணெய், பால், சிலிண்டர், ஸ்கூல் வேன் என்று ஒவ்வொன்றுக்கும் இந்த மாத விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். 9,000 ரூபாய் 9,700 ஆகியிருந்தால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் ஏறக்குறைய 8 சதவீதம். வங்கி 7 சதவீதம் வட்டி கொடுத்தாலும் கையைக் கடிக்கும்.

அதற்காகச் சேமிப்பதையே விட்டுவிட முடியாது. நம் ஊரில் வருமானம் எப்போது படுக்கும் என்பது பாதி முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாவிட்டால் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், கூடையில் மீன் விற்கும் அக்கா, லோடு ஆட்டோக்காரர் எல்லாருக்கும் கை வறண்டுவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, புதுக்கன்று காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் முதலில் உங்கள் வறண்ட மாதங்களை எண்ணுங்கள். இரண்டு மாதம், மாதம் 12,000 செலவு என்றால் 24,000. மற்றப் பத்து மாதமும் பணம் கைக்கு வந்த அன்றே 2,400 எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். அதற்கு வட்டி குறைச்சல்தான், பரவாயில்லை. அது இல்லாவிட்டால் தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டும், 10,000 என்று சொல்லி 8,500-ஐக் கையில் கொடுத்து நூறு நாளைக்குத் தினம் 100 வசூலிப்பார். அந்த வட்டிக்கு முன்னால் பணவீக்கமெல்லாம் சும்மா.

இது நிரம்பிய பிறகுதான் நீண்ட காலப் பணம். அதைப் பீரோவில் வைக்கவே கூடாது: விலை வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். அஞ்சலகத்தில் ஐந்து வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), 15 வருட பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம். தங்கமும் சரி, ஆனால் சேமிப்புக்கென்றால் நகை வேண்டாம், செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

பயம் வந்த நேரத்தில்தான் அதிக வட்டி ஆசை காட்டுபவர்களும் வருவார்கள். ஏலச்சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள், தெரிந்த அண்ணன்தான் நடத்துகிறார் என்றாலும் கேளுங்கள். வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடும் கிடையாது, மொத்தத்தையும் அங்கேயே வைத்திருந்தால் கொஞ்சம் பிரித்துப் போடுங்கள்.