விட்ஜெட் சேக்குற வழிய மாத்தி டிசைன் பண்றது எப்படி: கொழிஞ்சாம்பாறை கடையில நான் கத்துக்கிட்டது

கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கேன், நாலு கம்ப்யூட்டர், நாலுலயும் லினக்ஸ், மேல கேடிஈ பிளாஸ்மா (கேடிஈங்கிற குழு செய்யற டெஸ்க்டாப், திரையில பாக்கற மெனு, பட்டையெல்லாம் அதுதான்). இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒண்ணும் புதுசில்ல, ஸ்கூல்ல கைட்டுங்கிற கேரள அரசு நிறுவனம் குடுக்கிற லினக்ஸுலயே படிச்சு வந்துருதுங்க. பெரியவங்கதான் "தம்பி அந்த கடிகாரத்த கொஞ்சம் பெருசா இந்தப் பக்கம் வெச்சுக் குடு"ன்னு கேப்பாங்க, நானும் ரெண்டு செகண்டுல வெச்சுக் குடுத்துட்டுப் போயிருவேன். பத்துப் பதினஞ்சு தடவ குடுத்தப்புறம்தான் உறைச்சுச்சு, இத ஏன் அவங்களே வெச்சுக்க முடியல? அங்க புடிச்ச வேல இது. நீங்களும் விட்ஜெட் (அந்தக் கடிகாரம் மாதிரி திரையில வெச்சுக்கிற குட்டிக் கருவி) சேக்குறது எடுக்கிறது இதையெல்லாம் மாத்தி வரையணும்னு நெனச்சா நான் போன வழிய சொல்றேன், தப்பான சந்துல பூந்ததையும் சேத்து.

மொதல்ல இப்ப இருக்கிறத நீங்களே ஒரு தடவ நிதானமா பண்ணிப் பாருங்க, தெரிஞ்சதுதானேன்னு தாண்டிராதீங்க. காலி எடத்துல ரைட் கிளிக், மெனுல விட்ஜெட் சேக்குறது (ஆல்ட்டும் டியும் அமுக்கி விட்டுட்டு ஏ தட்டினாலும் வரும்), ஓரமா ஒரு பட்டை தொறக்கும், மேல தேடுற பெட்டி, கீழ படம் படமா விட்ஜெட்டுங்க, வேணுங்கிறத புடிச்சு இழுத்து டெஸ்க்டாப்லயோ பேனல்லயோ (மெனு, கடிகாரமெல்லாம் இருக்கிற நீளப் பட்டை) விடணும். அப்புறம் அத நகத்தணும் பெருசாக்கணும்னா எடிட் மோடுக்குப் போகணும், 2020ல வந்த பிளாஸ்மா 5.18 வெர்ஷன்ல சேத்த விஷயம் அது, இல்லன்னா விட்ஜெட் மேலயே கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா பக்கத்துல கைப்பிடி வரும். இத பண்றப்ப ஒரு நோட்டுல ஒவ்வொரு அடியையும் எழுதுங்க, கூடவே திரையில எழுதியே இல்லாம நாமளே தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது எதுன்னு வட்டம் போடுங்க. எனக்கு மூணு வட்டம் விழுந்துச்சு: ரைட் கிளிக், இழுத்து விடறது, அமுக்கிப் புடிக்கிறது. நமக்கு இது மூச்சு விடற மாதிரி, பக்கத்துல நிக்கிறவருக்கு மந்திரம்.

மத்தவங்க என்ன பண்ணாங்கன்னும் ஒரு பார்வ பாத்துக்கோங்க, ரொம்ப நேரம் வேண்டாம். 2007ல விண்டோஸ் விஸ்டா ஓரத்துல சைட்பார் வெச்சு கேட்ஜெட்டுன்னு குடுத்துச்சு, 2012ல பாதுகாப்புக்கு ஆகாது அணைச்சுருங்கன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருச்சு. ஆப்பிள்காரன் 2005ல டாஷ்போர்டுன்னு தனித் திரை வெச்சான், 2019ல கேட்டலினாங்கிற மேக் வெர்ஷன்ல அத தூக்கிட்டு, 2023ல சொனோமாங்கிற வெர்ஷன்ல டெஸ்க்டாப் மேலயே விட்ஜெட்ட கொண்டாந்து வெச்சான். விண்டோஸ் 11 திரும்பவும் தனிப் பலகைதான். எனக்குப் பட்டது என்னன்னா திண்ணையில மாட்டின கேலண்டர போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான், உள்ரூம்ல மாட்டினா மாசத்துக்கு ஒருக்க போயிப் பாத்தா பெருசு. அதனால நான் டெஸ்க்டாப்லயே வைக்கிற பக்கம்தான்.

இனி முக்கியமான வேல, ஆளுங்கள ஒக்கார வெச்சுப் பாக்கறது. ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர் 2000த்துல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, அஞ்சு பேர வெச்சுப் பாத்தாலே பெரும்பாலான சிக்கல் வெளிய வந்துரும்னு, கடைக்காரனுக்கு அஞ்சு பேர் கெடைக்கிறது கஷ்டமா? பால் சொசைட்டில கணக்கெழுதுற அக்கா, ரிட்டயர் ஆன தமிழ் மீடியம் வாத்தியார், காலேஜ் போற பொண்ணு ஒண்ணு, வேலந்தாவளத்துலேருந்து வர்ற லாரி புக்கிங் சேட்டன், அப்புறம் எங்கம்மா. மூணு ரூல் வெச்சுக்கோங்க: விட்ஜெட்டுங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது, மவுஸ தொடக்கூடாது, அவங்க முழிக்கிறப்ப வாய தொறக்கக்கூடாது. வேலைய அவங்க பாஷையில குடுங்க, "இந்த மூலையில பெரிய கடிகாரம் வேணும், வெச்சுக்கோங்க", அவ்வளவுதான். மூணாவது ரூல்தான் கஷ்டம். நான் அக்கா கிட்ட வாய் தவறி "ரைட் கிளிக்குங்க்கா"ன்னு சொல்லிட்டேன், சொன்ன நிமிஷமே அந்த டெஸ்ட் வீணாப் போச்சு.

என்ன பாத்தேன்னு சொல்றேன். அம்மா மவுஸையே தொடல, திரையில மூலைய வெரல்ல காட்டி "இங்க"ன்னாங்க. வாத்தியாரு நேரா பேனல் ஓரத்துல ஏற்கனவே இருக்கிற கடிகாரத்துக்குப் போனாரு, தட்டினாரு, கேலண்டர் விரிஞ்சுது, அதப் புடிச்சு வெளிய இழுக்கப் பாத்தாரு, வரல, மறுபடியும் இழுத்தாரு. காலேஜ் பொண்ணு ரைட் கிளிக் பண்ணி அரை நிமிஷத்துல முடிச்சுட்டு போனுக்குப் போயிருச்சு. சேட்டனுக்கு வேற வேல குடுத்தேன், மழை வருமான்னு பாக்கறது மேல திரையில வேணும்னு. ஜூன்ல பாலக்காட்டு கணவாய்க்கு இந்தப்பக்கம் ஊத்துறப்ப கோயம்புத்தூர்ல வெயில் அடிக்கும், லோடு மூடணுமா வேண்டாமாங்கிறது அவருக்கு பொழப்பு. பட்டை வரைக்கும் வந்துட்டாரு, தேடுற பெட்டியில மழன்னு மலையாளத்துல அடிச்சாரு, இங்கிலீஷ்ல இருந்த மெஷின்ல ஒண்ணும் வரல, "மதி, விட்டேக்கு"ன்னு (போதும், விட்டுருன்னு) எந்திரிச்சுட்டாரு.

இதுக்கப்புறம்தான் வரையணும், அதுவும் கம்ப்யூட்டர்ல வரையாதீங்க, பேப்பர்ல. ஏ4 ஷீட்டுதான் டெஸ்க்டாப், பழைய தினசரிக் கேலண்டர் தாள வெட்டி ஒவ்வொண்ணும் ஒரு விட்ஜெட். கம்ப்யூட்டர்ல அழகா வரைஞ்சு காட்டினா எல்லாரும் "நல்லாருக்கு தம்பி"ன்னு போயிருவாங்க, கிழிஞ்ச பேப்பர காட்டினாத்தான் மனசுல இருக்கிறத சொல்லுவாங்க. நீங்கதான் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கணும், அவங்க வெரல் வெச்சா நீங்க துண்ட எடுத்து வைக்கணும்.

நான் மொதல்ல வரைஞ்சது அம்மா வெரல வெச்சு: காலி எடத்துல அமுக்கிப் புடிச்சா அந்த எடத்துலயே குட்டிப் பெட்டி வந்து அஞ்சாறு விட்ஜெட்ட காட்டும். ஃபிட்ஸ்னு ஒருத்தர் 1954லயே அளந்து வெச்சிருக்காரு, தொடவேண்டியது பக்கத்துல பெருசா இருந்தா கை சீக்கிரம் போயிச் சேரும், தூரத்துல சின்னதா இருந்தா லேட்டாகும், அந்தக் கணக்குப்படி மூலையிலயே தொறக்கறது சரிதான்னு ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ரெண்டாவது ரவுண்டுல அம்மா மூலையில ஒரு தட்டு தட்டிட்டு என் மூஞ்சிய பாத்தாங்க. அமுக்கிப் புடிக்கணும்னு பேப்பர்ல எங்க எழுதியிருக்கு? நானே வட்டம் போட்ட மந்திரத்த நானே திரும்ப உள்ள வெச்சிருந்தேன்.

கடைசில ஜெயிச்சது வாத்தியார் வழி. ஏற்கனவே பேனல்ல இருக்கிற கடிகாரம், மழை, சவுண்ட், இதுல எதையாவது தட்டி விரிக்கிறப்ப அந்தப் பெட்டிக்குள்ளயே "டெஸ்க்டாப்ல வை"ன்னு எழுத்துல ஒரு பட்டன். புதுசா எதையும் தேடிப் போக வேண்டாம், கண்ணுக்கு முன்னால இருக்கிறதுலேருந்தே அடுத்தது பொறக்கும். ஓரத்துப் பட்டைய தூக்கச் சொல்லல, அது காலேஜ் பொண்ணுக்கு இருக்கட்டும்.

வெச்சத நிர்வாகம் பண்றதுதான் எல்லாரும் கோட்ட விடற எடம். பட்டையில ஒரு விட்ஜெட் எத்தன வெச்சிருக்கோம்னு நம்பர் காட்டும், ஆனா எங்க வெச்சிருக்கோம்னு சொல்லாது. ரெண்டு மானிட்டர் இருந்தா தொலைஞ்சோம். வெச்ச எல்லாத்தையும் ஒரே லிஸ்டா போடுங்க, பேர தொட்டா அந்த விட்ஜெட் மினுக்கணும், அங்கேயே நீக்கறதும் இருக்கணும். நீக்கினா திரும்ப எடுக்கவும் வழி வேணும். இப்ப நீக்கினா ஒரு அறிவிப்பு வரும், அதுலயே திருப்பி எடுக்கிற பட்டன் இருக்கு, நல்லதுதான், ஆனா எங்கடையில ஒரு பையன் கீபோர்டு லேஅவுட் காட்டுற விட்ஜெட்ட நீக்கிட்டான், நான் பிரின்டர்ல சிக்கின பேப்பர இழுத்துட்டிருந்தேன், வந்து பாக்கறப்ப அறிவிப்பு போயிருச்சு. தமிழ், மலையாளம், இங்கிலீஷ்னு மூணு லேஅவுட் ஓடுற மெஷினுங்க அது, எதுல இருக்கோம்னு தெரியாம அன்னைக்கு ஒரு பத்திரம் பாதி மலையாள எழுத்துல அடிபட்டுச்சு. அதனால "சமீபத்துல எடுத்தது"ன்னு அந்த லிஸ்டுக்குக் கீழ ஒரு மூலை, ஒரு வாரமாவது நிக்கட்டும், செட்டிங்கோட சேத்து.

டவுன்லோட் பண்ற விட்ஜெட்ட கூடவே வர்றதோட ஒண்ணா கலந்து காட்டாதீங்க. 2024 மார்ச்சுல கேடிஈ ஸ்டோர்லேருந்து எறக்கின ஒரு குளோபல் தீம் (திரையோட மொத்தத் தோற்றத்தையும் மாத்தறது) ஒருத்தரோட ஃபைலுங்கள அழிச்சிருச்சு, வெளியாளுங்க போடறத பாத்து எறக்குங்கன்னு கேடிஈயே எச்சரிச்சாங்க. விட்ஜெட்டும் உள்ள கோடு ஓட்டுறதுதான், வெறும் படமில்ல. கலர் மட்டும் மாத்தினா பத்தாது, "வெளியாள் எழுதினது"ன்னு எழுத்துலயே இருக்கணும்.

எழுத்துன்னதும் ஒண்ணு. பட்டன் அகலத்த இங்கிலீஷ் வெச்சு முடிவு பண்ணாதீங்க. "கான்ஃபிகர்"னு ஒத்த வார்த்தையில முடியறது தமிழ்ல "அமைப்புகளை மாற்று" ஆயிரும், மலையாளத்துலயும் நீளும். எது நீளமோ அத மொதல்ல எழுதி வெச்சுட்டு பெட்டிய வரைங்க, வரி உயரமும் கொஞ்சம் தாராளமா விடுங்க, இல்லன்னா கீழ தொங்குற உகரமெல்லாம் வெட்டுப்படும். தேடுறதுக்கும் வேலையோட பேர அந்தந்த பாஷையில சேருங்க, மழை, மணி, நாள், சேட்டன் அடிச்ச மழ உட்பட.

ரெண்டாவது ரவுண்டுக்கு முடிஞ்சா வேற ஆளுங்கள புடிங்க, பழையவங்க பாதி கத்துக்கிட்டு வந்துருவாங்க. அம்மாவ மட்டும் திரும்ப ஒக்கார வெச்சேன், அவங்க எதையும் கத்துக்கறதா இல்ல.

எல்லாம் முடிஞ்சப்புறம் மொத்தத்தையும் மூட்டையா கட்டி அனுப்பாதீங்க, யாரும் பிரிக்க மாட்டாங்க. கேடிஈயோட பக் டிராக்கர்ல (குறைய எழுதிப் போடற தளம்) ஒரு மாத்தத்துக்கு ஒரு விண்ணப்பம், புதுசா வேணுங்கிறத கேக்க விஷ்லிஸ்ட்னு வகை இருக்கு. கோடு எழுதத் தெரிஞ்சா கேடிஈயோட கோடு இருக்கிற கிட்லேப்ல மெர்ஜ் ரிக்வெஸ்ட் (என் மாத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்கறது), அந்தப் பட்டையெல்லாம் க்யூஎம்எல்ங்கிற மொழியிலதான் எழுதியிருக்கு, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சவங்களுக்கு புரியும். தனி யூசர் அக்கவுண்ட் போட்டு அதுல சோதிங்க, வேல பாக்கற அக்கவுண்ட்ல வேண்டாம். "எனக்குத் தோணுது"ன்னு எழுதாம "அஞ்சு பேர்ல மூணு பேர் இங்க நின்னாங்க"ன்னு எழுதுங்க, திரைய மட்டும் ரெக்கார்ட் பண்ணி அவங்க சம்மதிச்சா சேத்துடுங்க, மூஞ்சி தேவையில்ல.

நான் மொதல்ல அனுப்பப்போறது "சமீபத்துல எடுத்தது", அது சின்ன வேல. "டெஸ்க்டாப்ல வை" பட்டன் இன்னும் பேப்பர்லதான் இருக்கு. திங்கக்கிழமை வாத்தியாரு பென்ஷன் பேப்பர் பிரின்ட் எடுக்க வருவாரு, அப்ப நீட்டிப் பாக்கணும்.