கேவியர் நகம்: இடது கை மோதிர விரலில் மட்டும் போடுவது எப்படி

நெயில் பாலிஷ் காய்வதற்குள் அதன் மேல் கசகசா சைஸில் பொடி மணிகளைக் கொட்டி, நகம் முழுக்க ஒட்டவிட்டு எடுப்பதுதான் கேவியர் நகம். இதைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அத்தை என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடி, கேழ்வரகு புடைச்சுட்டுக் கை கழுவலையா?” என்றார். அத்தை மகளோ அதே விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வைத்துப் பத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். பாட்டி கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார், அப்புறம் விலை கேட்டார், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இது புதுசும் இல்லை. 2012-இல் லண்டனைச் சேர்ந்த சியாட்டே என்ற கம்பெனி பாலிஷும் மணியும் சேர்த்து ஒரு செட்டாக விற்றபோது பரவிய ஃபேஷன். ஸ்டர்ஜன் மீனின் முட்டையை உப்பில் போட்டு, எக்கச்சக்க விலைக்கு விற்பார்களே, அந்தக் கேவியரின் பெயர்தான் இதற்கும். (நம் ஆட்கள் கண்டுபிடித்திருந்தால் கசகசா நகம் என்று வைத்திருப்போம், ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.) அதற்கு முந்தின வருஷம் ஏரி வற்றிய மண் மாதிரி பிளந்து காயும் பாலிஷ், அடுத்த வருஷம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று காயும் பாலிஷ் என்று, தடவிப் பார்க்கிற நகத்துக்கு அப்போது ஒரு பைத்தியமே இருந்தது. அப்போதும் பாதிப் பேர் அழகு என்றார்கள், பாதிப் பேர் இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்றார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இது எனக்குப் புரிந்தது ஒரு வளைகாப்பில். பெங்களூரு அல்சூரில் ஒரு மண்டபம், அண்ணி வீட்டு விசேஷம், பத்து விரலிலும் வெள்ளி மணி போட்டுக்கொண்டு போனேன். சந்தனம் பூசும்போதே ஆரம்பித்துவிட்டது: அண்ணி கன்னத்தில் நான் வைத்த சந்தனத்தில் இரண்டு வெள்ளி மணி பதிந்து மின்னிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த பெரியம்மா அதைச் சமிக்கி என்று நினைத்து, “நல்லா இருக்கே, எங்க வாங்கின?” என்று வேறு கேட்டார். அப்புறம் பந்தி. சூடான சாம்பார் சாதம், ரசம், கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம். பாயசம் வருவதற்குள் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மொட்டை. இலை ஓரத்தில் மூன்று நான்கு மணி கிடந்தது. மீதி எங்கே போனது என்பதை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இடது கையைப் பார்த்தால், ஐந்து விரலிலும் போட்டது போட்டபடி இருந்தது!

முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள் கண்டுபிடித்த அலங்காரம் இது. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இடது கைதான் சரி, அதிலும் வேலைக்கு அதிகம் வராத மோதிர விரல்தான் சரி. மற்ற ஒன்பது விரலுக்கும் அதே நிறத்தில் சாதா பாலிஷ் போதும். இதிலும் ஒரே ஒரு விரல்தான் எடுப்பாக இருக்கும், பத்திலும் போட்டால் புண் வந்த மாதிரி இருக்கிறது என்று அத்தை சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன், தப்பில்லை.

என்னென்ன வேண்டும்

பேஸ் கோட் (கலருக்கு அடியில் பூசுவது), உங்களுக்குப் பிடித்த கலரில் பாலிஷ், டாப் கோட் (எல்லாவற்றுக்கும் மேலே பூசுவது), அசிட்டோன் ரிமூவர், பஞ்சு, அலுமினியம் ஃபாயில், பல்குத்தும் குச்சி, ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. இதெல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். மணிக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி சிக்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து மாமூல்பேட்டை பக்கம் நடந்தே போய்விடலாம். லேஸ், பட்டன், ஆரி வேலைச் சாமான் எல்லாம் குவிந்து கிடக்கும் சந்துகள். அங்கே போய் வெறுமனே மணி என்று கேட்டால் ஊசியால் கோர்க்கும் மணியைக் கொடுத்துவிடுவார்கள். அது வேண்டாம். ஓட்டை உள்ள மணி நகத்தில் சாய்ந்து உட்கார்ந்து சீக்கிரம் உதிரும். துளை இல்லாத, உருண்டையான, 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள கண்ணாடி மணி என்று தெளிவாகக் கேளுங்கள். கடுகு சைஸுக்குப் போனால் நகம் நகமாக இருக்காது, முறுக்கு மாதிரி ஆகிவிடும். எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரிசும் சின்னதும் கலந்திருந்தால் பெரிசுதான் முதலில் விழும்.

கண்ணாடி என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிளாஸ்டிக் மணி அசிட்டோனில் கரைந்து பிசுபிசுத்துவிடலாம், அதோடு உதிர்ந்தது மண்ணிலும் தண்ணீரிலும் அப்படியே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கும் பிளாஸ்டிக் நுண்துகளுக்குத் தடை கொண்டுவந்தது, ஆனால் மேக்கப், உதட்டுச் சாயம், நகத்துக்குப் போடும் பொருள்களுக்கு 2035 வரை அவகாசம் கொடுத்துவிட்டது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாமே. வாங்கிவந்ததும் நாலு மணியை ரிமூவர் நனைத்த பஞ்சில் வைத்துத் தேயுங்கள். பஞ்சில் நிறம் இறங்கினால் அந்தப் பொட்டலம் டாப் கோட்டைத் தாங்காது என்று அர்த்தம்.

பாலிஷ் நிறத்தை மணியின் நிறத்துக்குக் கிட்டே எடுங்கள். தங்க மணிக்குக் கீழே கறுப்பு போட்டால், ஒரு மணி விழுந்தாலும் எதிரில் இருப்பவர் கண் நேரே அங்கேதான் போகும்.

போடும் முறை

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். நான் நிறுத்தாமல் போட்டேன், இரண்டு மாதம் கழித்து அலமாரிக்கு அடியில் மணி கூட்டினேன். நெயில் பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் உட்காராதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வாடை போகும்.

நகத்தைக் குட்டையாக வெட்டி, ஒரே திசையில் ராவி விடுங்கள். நகத்தின் அடியோரத்தில் இருக்கும் மெல்லிய தோலை வெட்ட வேண்டாம், கிருமி உள்ளே போகாமல் காப்பதே அதுதான், வெந்நீரில் கை நனைத்து மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாக உலரவிட்டு, நகத்தை மட்டும் ரிமூவரால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு உட்கார்ந்தால் என்ன செய்தாலும் ஒட்டாது.

பேஸ் கோட் ஒரு மெல்லிய பூச்சு. இதை விட்டால் அடர்ந்த நிறம் நகத்தில் மஞ்சளாக இறங்கும். இரண்டு நிமிஷம் கழித்து, கலர் முதல் பூச்சு, இதுவும் மெல்லிசு. நாலைந்து நிமிஷம் விடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். கலரின் இரண்டாவது பூச்சைக் கொஞ்சம் தாராளமாகப் பூசி, பிரஷ்ஷை பாட்டிலுக்குள் வைத்த கையோடு மணியைக் கொட்டிவிட வேண்டும், நடுவில் அழகு பார்க்கக் கூடாது. பாலிஷில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் அது காய்கிறது, அதுவும் மேலிருந்துதான் காயும், பால் மேல் ஆடை கட்டுகிற மாதிரி. அந்த ஆடை கட்டிவிட்டால் மணி மேலாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது, அப்புறம் முடியைக் கோதினாலே போய்விடும்.

விரலைத் தட்டுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கோவிலில் திருநீறு மடித்துத் தருகிற மாதிரி ஒரு காகிதத்தை மடித்து, அதில் மணியை எடுத்து மேலிருந்து மழையாகக் கொட்டுங்கள். சில பேர் விரலையே மணிக் கிண்ணத்தில் முக்குவார்கள். முக்கினால் பாலிஷ் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும், தோலெல்லாம் மணி ஒட்டும். நகம் மூடியதும், பொட்டு வைத்து அழுத்துகிற அளவுக்கு மட்டும் ஒரே ஒரு முறை மேலிருந்து அழுத்துங்கள். உருட்டவோ தேய்க்கவோ வேண்டாம். இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் பத்து மணி தூவலாம். தோலில் ஒட்டியதைக் குச்சி முனையால் இப்போதே தள்ளிவிடுங்கள், காய்ந்தபின் தள்ளினால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு வரும்.

அப்புறம் இருபது நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சிலிண்டர்காரர் வந்து ஓடிபி கேட்பார். வலது கை சும்மாதானே இருக்கிறது, ஃபோனை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காப்பி, பாத்ரூம் எல்லாம் முன்னாடியே முடித்துக்கொள்ளவும்.

டாப் கோட் பற்றி அடுத்த சண்டை. மேலே முழுக்கப் பூசினால் நாள் தாங்கும் என்று ஒரு கட்சி. பூசினால் என்ன ஆகும் என்றால், பல மணிகளில் மேல்பூச்சு நிறம் கரைந்து மங்கும், அதோடு மணிக்கு நடுவில் டாப் கோட் தேங்கி, பாகு அதிகமான பூந்தி லட்டு மாதிரி ஆகிவிடும். தடவினால் தனித்தனியாக உருளுகிற அந்தச் சுகத்துக்காகத்தானே போட்டோம்? நான் நகத்தின் முனையிலும் சுற்றோரத்திலும் மட்டும் ஒரு கோடு இழுப்பேன். முதலில் உதிர்வது ஓரம்தான், அதைப் பிடித்து நிறுத்தினால் நடு தானாக நிற்கும்.

எத்தனை நாள் நிற்கும்

இடது மோதிர விரல் என்றால் இரண்டு நாள். பாத்திரம் தேய்த்தால் ஒரு நாள். தலை குளித்தால் முடி மாட்டிக்கொள்ளும், பட்டுப்புடவைக் கொசுவத்தை அந்த விரலால் நீவாதீர்கள், இழை இழுத்துவிடும். என் பாட்டியின் தீர்ப்பு இதற்கு வந்ததுதான்: “மருதாணி வெச்சா நகம் வளர்ந்து வெட்டிப் போடற வரைக்கும் இருக்கும். இது சாம்பார்ல இருந்து ரசத்துக்கே வரலையே.” நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிறது என்ற கணக்கில் பார்த்தால், மருதாணிக்கு நாலைந்து மாசம் ஆயுள். பாட்டியோடு வாதாட முடியாது. ஒரு சாயங்கால விசேஷத்துக்கு மட்டும் என்று நினைத்துப் போட்டால் இது ஏமாற்றாது.

பார்லரில் ஜெல் பாலிஷ் வைத்து, அதை இறுக்கும் புற ஊதா விளக்கில் காட்டிச் செய்தால் இன்னும் பல நாள் தாங்கும், உண்மைதான். ஆனால் முதல் முறை போடுகிறவர்கள் ஜெல் செட் வாங்கி வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனத்துக்கு அலர்ஜி வரலாம், வந்தால் ஆயுசுக்கும் போகாது. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் மணியே வேண்டாம், தரையில் விழுந்தது எல்லாம் அதன் வாய்க்குத்தான் போகும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸ் கழற்ற எந்த விரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை

சுரண்டாதீர்கள், மணியோடு நகத்தின் மேல் படலமும் பெயர்ந்து வரும். பஞ்சை ரிமூவரில் நன்றாக நனைத்து நகத்தின் மேல் வைத்து, ஃபாயிலால் விரல் நுனியைச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்து லேசாக அழுத்தித் திருகி இழுத்தால் முக்கால்வாசி பஞ்சோடு வந்துவிடும். மிச்சத்துக்கு இன்னொரு முறை. இதையெல்லாம் ஒரு செய்தித்தாள் விரித்து அதன் மேல் செய்யுங்கள், வாஷ்பேசினில் கழுவ வேண்டாம், மணி போய் வளைகுழாயில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பஞ்சையும் காகிதத்தோடு சுருட்டித் தனியாகப் போடுங்கள், ஈரக்குப்பைக் கூடையில் போட்டால் உரத்துக்குத்தான் போகும். பிறகு கை கழுவி நகத்துக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அசிட்டோன் நன்றாக உலர்த்திவிடும்.

ஒரு விரலுக்குக் கால் ஸ்பூன் மணி கூட ஆகாது, அதனால் பொட்டலம் மிஞ்சும். நான் மிஞ்சியதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சமையலறை மேடையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அடுத்த வாரம் அம்மா குருமாவுக்குத் தேங்காயோடு எதையோ வறுக்கக் கையில் எடுத்தபோதுதான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வெள்ளை மணி வாங்கினால் டப்பா மேல் பெரிய எழுத்தில் எழுதி, பீரோவில் வையுங்கள்.